கன்னத்துக்குள் ஒரு காலி மாடி

மேல்வாயின் கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்தின் உள்ளே, வலதில் ஒன்றும் இடதில் ஒன்றுமாக இரண்டு காலி அறைகள் நம் எல்லோருக்கும் உண்டு. வளர்ந்த ஆளுக்கு ஒவ்வொன்றும் சுமார் 12 முதல் 15 மில்லிலிட்டர் கொள்ளும். ஒரு வேளை இருமல் மருந்து ஊற்றலாம். உள்ளே காற்றைத் தவிர எதுவும் கிடையாது. ஆண்டவன் இதை எதற்குக் கட்டினான் என்பதில் மருத்துவ உலகம் இன்றுவரை ஒருமனதாக இல்லை. தலைபாரம் குறைய என்கிறார் ஒருவர், குரல் கணீரென்று ஒலிக்க என்கிறார் இன்னொருவர், மூச்சுக்காற்றை ஈரமாக்க என்கிறார் மூன்றாமவர். சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்லத்தான் ஆளில்லை. காலி இடத்தைப் பார்த்தால் மனிதனுக்குக் கை அரிக்கும். அந்த அரிப்பின் வரலாறுதான் இது.

பினாங்கு ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு இந்த விவகாரத்தை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். கீழே கடை, மேலே வீடு என்று வரிசை வரிசையாக நிற்கும் நம் பழைய கட்டடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1966ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 கடைசியோடு மண்டையைப் போட்டது. தலைமுறை தலைமுறையாக அடிமாட்டு வாடகைக்கு இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். ஆள் போன கட்டடம் என்ன ஆகும்? உத்தரம் உளுத்து மாடித் தரை தொங்கும். கடைவாய்ப் பல்லும் அப்படித்தான். பல்லைப் பிடுங்கிவிட்டு நாலைந்து வருஷம் சும்மா இருந்தால், கீழ்ப்பக்கம் தாடை எலும்பு கரைந்து மேலே போகும், மேல்பக்கம் சைனஸ் எனும் அந்தக் காலி அறையின் தரை இறங்கி வரும். பத்து மி.மீ. இருந்த எலும்பு நாலாகி மூன்றாகி நிற்கும். பல்லுக்குப் பதில் வைக்கிற டைட்டானியம் இம்ப்ளாண்டோ வழக்கமாகப் பத்து மி.மீ. அளவு நீளம். திருகினால் மாடியில் போய்த் தலை நீட்டும்.

ஆகவே தரையைத் தூக்க வேண்டும். தூக்கிய இடத்தில் எதைப் போட்டு அடைப்பது என்பதுதான் வழக்கு. இடுப்பெலும்பைப் போட்டார்கள், விலாவைப் போட்டார்கள், மாட்டைப் போட்டார்கள், செத்தவரைக்கூடப் போட்டார்கள். ஒன்றும் போடாதே, ரத்தம் பார்த்துக்கொள்ளும் என்று ஒருவர் வந்து சொல்வதற்குள் 21ஆம் நூற்றாண்டு பிறந்துவிட்டது.

ஆதியில் கேலன். ரோமாபுரி ராஜாக்களுக்கு நாடி பிடித்த இந்த கிரேக்க வைத்தியரின் வாரிசுகள், மூக்கில் ஒழுகுவது மூளையிலிருந்து வடிகிற கழிவு என்று சுமார் 1,500 வருஷம் பாடம் நடத்தினார்கள். அவர்கள் கணக்குப்படி நன்றாகச் சளி பிடித்தவன் தன் மூளையைக் கைக்குட்டையில் மடித்து வைத்திருக்கிறான். சில பேரின் பேச்சைக் கேட்கும்போது கேலன் கட்சியில் சேர்ந்துவிடலாமா என்று நமக்கும் தோன்றும், அது வேறு கதை.

1489இல் லியானார்டோ டாவின்சி ஒரு மண்டையோட்டைப் பாதியாக அறுத்து, இந்தக் கன்ன அறையை அச்சு அசலாக வரைந்து வைத்தார். வரைந்தவர் வழக்கம்போல வெளியிடவில்லை. மனிதருக்கு ஆரம்பிப்பதில்தான் ஆர்வம். அந்தப் பெருமையை 1651இல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய வைத்தியர் தட்டிக்கொண்டு போனார். தன் உடற்கூறு நூலில் அறையை விவரித்தார், அறைக்கு அவர் பேரே நிலைத்தது. அதோடு ஒரு சீமாட்டியின் கதையையும் சேர்த்து எழுதினார். பல் நூலில் அதற்கு இணையான ரகளை இன்றுவரை வரவில்லை.

அந்த அம்மாளுக்குப் பல்வலி. ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் தீராமல் கடைசியில் கோரைப்பல்லையும் பிடுங்கினார்கள். பல்லோடு மேலிருந்த சன்னமான எலும்பும் கையோடு வந்துவிட்டது. அன்று முதல் அந்த ஓட்டையிலிருந்து ஓயாமல் நீர் வடிந்தது. நம் வீட்டுப் பெண்களாக இருந்தால் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருப்பார்கள். இந்த அம்மாள் ஒரு வெள்ளி ஊசியை எடுத்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். ஊசி போய்க்கொண்டே இருந்தது, ஏறக்குறைய கண் வரைக்கும். அதோடு விடுவாரா? ஒரு பறவை இறகின் மயிரையெல்லாம் உரித்துவிட்டுத் தண்டை மட்டும் உள்ளே செலுத்தினார். அதுவும் முழுசாகப் போயிற்று. மூளையைத் தொட்டுவிட்டோம் என்று அலறிக்கொண்டு ஹைமோரிடம் ஓடினார். உண்மையில் இறகு அந்தக் காலி அறைக்குள் சுருண்டு கிடந்திருக்கிறது. அம்மா, அங்கே இருப்பது அறைதான், உங்கள் மூளை பத்திரமாக இருக்கிறது என்று வைத்தியர் விளக்கினார். அம்மாளும் சரி, இருப்பதைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று வீடு திரும்பினார். சைனஸ் தரையை உலகத்தில் முதல்முதல் அளந்து பார்த்த பெருமை அந்தச் சீமாட்டிக்கே உரியது. பேர்தான் வைத்தியருக்குப் போய்விட்டது.

மூளை ஒழுகும் கதையை முடித்து வைத்தவர் ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கான்ராட் விக்டர் ஷ்னைடர். மண்டையோட்டில் சளி இறங்க வழியே இல்லை, மூக்கின் உள்தோல்தான் அதைச் சுரக்கிறது என்று 1660 வாக்கில் தடிதடியான புத்தகங்களாக எழுதித் தள்ளினார். சளியைப் பற்றி அத்தனை பக்கம் எழுத ஒரு தனி மனோதிடம் வேண்டும். அந்தத் தோலுக்கு இன்றைக்கும் ஷ்னைடர் சவ்வு என்றே பேர். மாடித் தரையில் விரித்த பாய் அதுதான். பெரும்பாலும் ஒரு மி.மீ. கனம்கூடத் தேறாது. நம் கதையின் கதாநாயகி அவள்தான், கிழிந்தால் படம் முடிந்தது.

அதற்குப் பிறகு இருநூறு சொச்சம் வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சைனஸில் சீழ் கட்டினால் பல்லைப் பிடுங்கி ஓட்டை போட்டு வடியவிட்டார்கள், அவ்வளவுதான். 1893இல் நியூயார்க்கில் கால்டுவெல் என்பவர் மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே எலும்பில் ஜன்னல் வெட்டி உள்ளே போனார். 1897இல் பாரிஸில் லூக் என்பவர் அதையே தானும் கண்டுபிடித்தார். இடையில் 1894இல் லண்டனில் ஸ்கேன்ஸ் ஸ்பைசர் என்பவரும் இதையே செய்திருந்தார். அறுவைக்கு கால்டுவெல்–லூக் என்று பேர் வைத்தார்கள். ஸ்பைசர் அம்போ. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பேர் விட்டுப்போனால் நம் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆங்கிலேயர்கள் நாகரிகமானவர்கள், பேசாமல் இருந்துவிட்டார்கள்.

இத்தனையும் அங்கே நடக்கும்போது நம் பினாங்குத் தீவில் என்ன நடந்தது? பல் போய்க்கொண்டிருந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய தீவுக்குப் பேரே பாக்கு மரத்தால் வந்தது. பல்லைக் கறையாக்கி வாய்ப்புற்றையும் வரவழைக்கிற ஒரு கொட்டையின் பேரைச் சூடிக்கொண்ட ஊர் பல் வைத்தியத்தில் பின்னால் பேர் வாங்கியது தற்செயலாக இருக்காது, தேவை இருந்திருக்கிறது. காட்டைச் சீக்கிரம் வெட்ட வேண்டும் என்பதற்காக லைட் பீரங்கியில் வெள்ளிக்காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, காலி இடத்தில் காசைக் கொட்டும் பழக்கம் இங்கே அன்றே தொடங்கிவிட்டது.

பல் வேலையை அப்போது பார்த்தவர்களில் பேர் போனவர்கள் சீனாவின் ஹூபே மாநிலத்து தியான்மென் ஊர்க்காரர்கள். காகிதப்பூ விற்றுக்கொண்டு வந்தவர்கள், பல் கட்டும் தொழிலைப் பிடித்துக்கொண்டு மலாயா, சிங்கப்பூர் எங்கும் பரவினார்கள். பட்டம் கிடையாது, கைத்திறன் உண்டு. முன்பல்லில் தங்கம் மின்னினால் மனிதன் பிழைத்துவிட்டான் என்று ஊர் புரிந்துகொள்ளும். பேங்க் பாஸ்புத்தகத்தை வாயிலேயே வைத்திருந்த காலம். பின்னால் கடைவாயில் என்ன ஓட்டை என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை, சிரித்தால் தெரியாத பல்லுக்கு எவன் செலவு செய்வான்?

பட்டம் கொடுக்க 1929இல் சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு திறந்தார்கள். அங்கே பேராசிரியராக இருந்த ட்ராட்மன் என்ற ஆங்கிலேயருக்குப் பிடித்த பொழுதுபோக்கு குகைக்குள் தவழ்வது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குகை ஆராய்ச்சிச் சங்கத்தின் பெரும்புள்ளி, மெண்டிப் மலைக் குகை ஒன்றில் ஒரு பகுதிக்கு அவர் பேரே இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் வாய்க்குள்ளும் மீதி நாள் குகைக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்த மனிதர். கன்னத்துக் குகைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார், ஆனால் காலம் கூடவில்லை.

பினாங்கு தன் பங்குக்கு 1949இல் ஒரு காரியம் செய்தது. நியூசிலாந்து 1921இல் தொடங்கிய திட்டத்தைப் பார்த்து, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கப் பெண்களைத் தயார்செய்யும் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி இங்கே தொடங்கியது. நாடு முழுக்க இங்கே படித்த தாதியர்தான் பள்ளிப் பிள்ளைகளின் வாயைத் திறக்கவைத்தார்கள். நியூசிலாந்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பல் கிளினிக்குக்குச் செல்லமாக வைத்த பேர் ‘மர்டர் ஹவுஸ்’. நம் பிள்ளைகள் பேரெல்லாம் வைக்கவில்லை, நேரே கக்கூஸில் போய் ஒளிந்துகொண்டார்கள். இந்தப் பயம் வயதானாலும் போவதில்லை. தைப்பூசத்தன்று கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு தண்ணீர்மலை ஏறுகிறவர், மறுவாரம் பல் டாக்டர் கையில் ஊசியைப் பார்த்ததும் நாற்காலிக் கைப்பிடியை உடைக்கிற மாதிரி பிடிப்பார். வேலுக்கு முருகன் பொறுப்பு, ஊசிக்கு யார் பொறுப்பு?

இப்போது சுவீடன். 1952 வாக்கில் பெர்-இங்வார் பிரனமார்க் என்பவர் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் காலெலும்பில் டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் கழற்றப் பார்த்தார், வரவில்லை. எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வேறொருவராக இருந்தால் முயலைத் திட்டியிருப்பார், இவர் பல்லைப் பற்றி யோசித்தார். 1965இல் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நாலு டைட்டானியம் திருகினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை அவை அசையவில்லை. மற்ற டாக்டர்கள் மட்டும் நம்பவில்லை. 1982இல் டொராண்டோவில் மாநாடு கூடித்தான் அமெரிக்கா தலையாட்டியது.

கீழ்த்தாடை கெட்டி, சொன்னபடி கேட்டது. மேல்தாடையின் கடைவாய்ப் பக்கம் வந்ததும் மாடித் தரை தொங்கும் பிரச்சினை வந்து நின்றது. அமெரிக்காவின் அலபாமாவில் ஹில்ட் டேட்டம் என்ற பல் டாக்டர் 1970களின் நடுவில் துணிந்து மாடித் தரையைத் தூக்கி, அடியில் எலும்பைத் திணித்தார். 1980இல் பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் இதை முதலில் அச்சில் ஏற்றினார்கள். அவர்கள் திணித்தது நோயாளியின் சொந்த இடுப்பெலும்பு, மஜ்ஜையோடு சேர்த்து. ஆக, பல் இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என்ன ஆபரேஷன் என்று அக்கம்பக்கம் கேட்டால், பல்லு என்று சொல்லி நம்பவைக்க வேண்டிய நிலை.

இடுப்பு வலிக்கிறது என்று சத்தம் வந்ததும் மாட்டைப் பிடித்தார்கள். மாட்டெலும்பைச் சுட்டுச் சுத்தம் செய்து, கொழுப்பும் புரதமும் போக்கிய தூள். சுவிட்சர்லாந்தின் பயோ-ஓஸ் அதில் புகழ்பெற்றது. மேலே மூட ஒரு கொலாஜன் சவ்வு, அது பல சமயம் பன்றியிலிருந்து வருவது. ஐரோப்பாவில் இதற்கு யாரும் புருவம் உயர்த்தவில்லை. பினாங்கில் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். பிட் ஸ்திரீட் ஒரே தெரு. ஒரு பக்கம் 1801இல் காதர் முகைதீன் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி சீனர்களின் குவான் இன் அம்மன், முதுகைக் காட்டிக்கொண்டு நம் 1833ஆம் வருடத்து மகா மாரியம்மன், கோடியில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இந்தத் தெருவில் யார் வாயிலும் ஒரு ஆட்சேபம் இல்லாமல் இந்தத் தூளைப் போட முடியுமா?

ஒரு பெரியவர் கேட்கிறார் என்று வையுங்கள்.

“ஏம்மா டாக்டர், பவுடர் போடணும்னியே, என்ன பவுடர்?”

“எலும்புப் பவுடர் அங்கிள்.”

“யாரு எலும்பு?”

“மாட்டு எலும்பு. நல்லா சுத்தம் பண்ணினது, பயமே வேணாம்.”

“அறுபத்தெட்டு வயசாச்சு, மாட்டு சூப் வாசனையே ஆகாது எனக்கு. கன்னத்துலயே வெச்சுத் தைச்சுவிடுறேங்கிற?”

“வேற வேணும்னா மனுஷ எலும்பு இருக்கு அங்கிள்.”

“மாடே போடும்மா.”

அடுத்த நாற்காலியில் நாசி கண்டார் கடை பாய், சவ்வு எதனுடையது என்று கேட்டுவிட்டு எழுந்து நிற்கிறார். மூன்றாவது நாற்காலியில் சுத்த சைவ சீனப் பாட்டி, இரண்டும் வேண்டாம் என்று கை ஆட்டுகிறாள். செயற்கைத் தூளும் உண்டு, அதில் சாதி மதம் கிடையாது, விலை உண்டு. மேல்நாட்டு ஆராய்ச்சிக்கு இந்தத் தெரு நினைவில் இருந்திருந்தால் ஒன்றும் போடாத வழியை இருபது வருஷம் முன்பே தேடியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால் வழி கண்ணெதிரே கிடந்தது. இடுப்பெலும்பு போட்ட அதே பாய்ன் 1993இல் குரங்குகளின் சைனஸுக்குள் இம்ப்ளாண்ட் முனையை நீட்டிவிட்டுப் பார்த்தார். ஒன்றும் திணிக்கவில்லை. இரண்டு மூன்று மி.மீ. நீட்டிய முனைகளின் மேல் எலும்பு தானாகவே வளர்ந்து மூடிவிட்டது. ஐந்து மி.மீ. நீட்டியவை பாதிதான் மூடின. தன் வியாபாரத்துக்குத் தானே வேட்டு வைத்த நேர்மைக்கு அவருக்கு ஒரு மாலை போட வேண்டும். உலகம் படித்தது, தலையாட்டியது, தூள் வாங்கப் போய்விட்டது.

1994இல் சம்மர்ஸ் என்ற அமெரிக்கர் பக்கவாட்டு ஜன்னலே வேண்டாம், பல் இருந்த குழி வழியாகவே உளியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தரையை மேலே தள்ளலாம் என்றார். மெல்லத்தான். ஆனால் தட்டுவது உங்கள் மண்டையை. மரத்துப்போன வாயோடு படுத்திருப்பவருக்கு வலிக்காது, ஒவ்வொரு ‘டொக்’கும் காதுக்குள் இடி மாதிரி விழும். சிலருக்கு அந்த அதிர்ச்சியில் உள்காதிலுள்ள நுண்கற்கள் இடம் பெயர்ந்து, எழுந்து உட்கார்ந்ததும் அறை சுற்றும். பல் கட்டப் போனவர் குடித்தவர் மாதிரி தள்ளாடி வருவதற்கு மருத்துவத்தில் பேரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. மனைவியிடம் விளக்குவதற்குத்தான் சிகிச்சை இல்லை.

கடைசியில் மறுபடியும் சுவீடன், இந்த முறை வடக்கே உமேயோ. ஸ்டெஃபான் லுண்ட்கிரென் குழுவினர் ஒருவரின் சைனஸிலிருந்து நீர்க்கட்டியை எடுத்தார்கள். காலி இடத்தில் ஒன்றும் போடவில்லை. பிறகு பார்த்தால் அங்கே எலும்பு. 2003இல் இதை எழுதியபோது இது தற்செயலா, காரணம் உண்டா என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார்கள். 2004இல் பதிலும் அவர்களே சொன்னார்கள். பக்கவாட்டில் எலும்பு ஜன்னலை வெட்டிப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். சவ்வைத் தூக்கித் தையல் போட்டு மேலே நிறுத்தினார்கள். அடியில் இம்ப்ளாண்டைத் திருகி, ஜன்னலைத் திரும்பப் பொருத்தினார்கள். திணிப்பு பூஜ்யம். தூக்கிய பாய்க்கு அடியில் ரத்தம் நிறைந்து உறைந்தது. ஆறு மாதத்தில் உறைந்த ரத்தம் எலும்பாகி நின்றதை ஸ்கேன் காட்டியது. 10 பேர், 19 இம்ப்ளாண்ட், ஒன்றும் ஆடவில்லை. 2006இல் பிரேசில்காரர்கள் கபுச்சின் குரங்குகளில் ஒரு பக்கம் எலும்பைத் திணித்தும் மறுபக்கம் வெறும் ரத்தத்தை விட்டும் ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சம்மர்ஸ் உளி வழியிலும் தூள் இல்லாமலே செய்து, சராசரியாக இரண்டு மூன்று மி.மீ. எலும்பு கூடியதாக சுவிட்சர்லாந்தில் நெதிர் என்பவரின் குழு சொன்னது.

அப்படியானால் தூள் விற்றவனெல்லாம் மோசடிக்காரனா? இல்லை. ரத்தம் எலும்பாக வேண்டுமென்றால் பாய் கீழே விழாமல் நிற்க வேண்டும். அதை நிறுத்துவது இம்ப்ளாண்ட். இம்ப்ளாண்ட் முதல் நாளே ஆடாமல் நிற்க, கீழே கொஞ்சமாவது எலும்பு மீதி இருக்க வேண்டும். நாலைந்து மி.மீ. இருந்தால் ஒன்றும் போடாத வழி பெரும்பாலும் எடுபடும். ஒரு மி.மீ. மட்டும் மிஞ்சி, ஏழெட்டு மி.மீ. உயரம் வேண்டும் என்றால் மாடோ மனுஷனோ வேண்டித்தான் இருக்கும். மாடே இல்லாமல் மாளிகை எழுப்பித் தருகிறேன் என்று அப்போது ஒருவர் சொன்னால் சந்தேகப்படுங்கள். இன்னொரு வழியும் உண்டு, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஆறு மி.மீ. நீளத்துக்கே குட்டி இம்ப்ளாண்டுகள் வந்துவிட்டன. எலும்பு இருக்கிற இடத்தில் மாடியைத் தொடாமலே வேலை முடியும்.

இன்றைக்குப் பினாங்கு பல்லுக்கும் இதயத்துக்கும் இடுப்புக்கும் ஆள் பறந்து வருகிற ஊர். மேடானிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே. காலையில் ஸ்கேன், மத்தியானம் ஆபரேஷன், சாயங்காலம் கர்னி டிரைவில் ரோஜாக் என்று திட்டம் போட்டு வருகிறார்கள். ரோஜாக்கைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். திரும்பும் விமானத்தையும் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். சைனஸுக்குள் காற்றழுத்தம் மாறினால் பாய் புடைத்து எழுந்து தாழும்.

ஆகையால் கிளினிக் நாற்காலியில் வாய் திறப்பதற்கு முன் அதே வாயால் நாலு கேள்வி கேளுங்கள். ஸ்கேனில் எத்தனை மி.மீ. எலும்பு மீதி இருக்கிறது? தூள் போடாமல் முடியுமா, முடியாதென்றால் ஏன்? போடுவதென்றால் எதனுடைய எலும்பு, சவ்வு எதனுடையது? எத்தனை நாள் கழித்து விமானம் ஏறலாம்? சிகரெட் பிடிப்பவர் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், புண் ஆறுவதை அது கெடுக்கும். தையல் ஆறும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்முங்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.